பெரிய கல் மோதிரமும் பீங்கான் நகரமும்

நகைக்கடைப் பட்டியல்களில் காக்டெய்ல் மோதிரம் என்று இன்று குறிக்கப்படுவது, விரலின் அகலத்தையும் மீறிப் பரவும் ஒற்றைப் பெருங்கல்லையோ கற்கொத்தையோ முகப்பாகக் கொண்டு, அன்றாடப் புழக்கத்துக்கு அல்லாமல் மாலை விருந்துகளுக்கென்றே செய்யப்படும் மோதிரமாகும். திருமண உறுதியைக் காட்டும் மோதிரத்துக்கும், பெயரோ சின்னமோ பொறித்து ஆவணங்களில் பதிக்கப் பயன்பட்ட முத்திரை மோதிரத்துக்கும் சமூகம் ஒரு கடமையைக் கொடுத்திருக்க, இந்த மோதிரத்துக்கு அப்படி எந்தக் கடமையும் இல்லை. பிறர் கண்ணில் படுவதே அதன் வேலை. கண்ணில் படுவதற்காக மட்டுமே வாழும் பொருள், நாகரிகம் மாறும்போது முதலில் மறைய வேண்டும் என்றே எண்ணத் தோன்றும். ஆயினும் நூறாண்டுகளாக அது ஒதுங்குவதும் மீண்டும் கடை முகப்புக்கு வருவதுமாக இருக்கிறது. அது இன்னும் வழக்கில் உள்ளதா என்ற கேள்வியைத் தமிழ்நாட்டில், அதிலும் நகைக்கு அல்லாமல் பீங்கானுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலத்திலிருந்து கேட்டுப் பார்க்கும்போது, கேள்வியே இரண்டாகப் பிரிகிறது. பெரிய கல் மோதிரம் தங்கமாக வாழ்கிறதா, கல்லாக வாழ்கிறதா என்பதே அப்பிரிவு.

இந்த மோதிரத்தின் பிறப்பை அமெரிக்காவின் மதுவிலக்குக் காலத்தோடு, அதாவது 1920 ஜனவரி முதல் 1933 டிசம்பர் வரையிலான ஆண்டுகளோடு இணைத்துச் சொல்வது வழக்கம். சட்டத்துக்கு மறைவாக நடந்த மதுக்கூடங்களில், பல பானங்களைக் கலந்து செய்யும் காக்டெய்லைக் கையில் ஏந்திய பெண்கள், கோப்பை பிடித்த வலக்கையில் பளபளக்கும் பெருங்கல்லை அணிந்து தம் துணிவை வெளிக்காட்டினர் என்பது அக்கதை. கதை கவர்ச்சியானதுதான், ஆனால் அதுவே முழுக் காரணமாகாது. அதே 1920-இல்தான் அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை கிடைத்தது. வேலைக்குச் சென்று ஈட்டிய பெண்கள் தம் நகையைத் தாமே வாங்கும் நிலைக்கு வந்துகொண்டிருந்தனர். இடக்கை விரலில் இன்னொருவர் அணிவிக்கும் மோதிரத்துக்கு மாற்றாக, தானே வாங்கித் தானே அணியும் மோதிரத்துக்கு வலக்கை இடமாயிற்று. இவ்விரண்டையும் விட அழுத்திச் சொல்ல வேண்டிய மூன்றாவது காரணம் உலைக்களத்தில் இருக்கிறது.

பிரெஞ்சு வேதியியலறிஞர் ஒகுஸ்த் வெர்நுயில் 1902-இல் வெளியிட்ட முறையில், அலுமினா எனப்படும் அலுமினிய ஆக்சைடின் நுண்தூள், ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்து எரியும் சுடரின் ஊடே சிறிது சிறிதாகத் தூவப்படுகிறது. 2,000 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் உருகும் அத்தூள், கீழேயுள்ள தாங்கியின் மேல் இறங்கிப் படிகமாக வளர்கிறது. தூளில் சிறிது குரோமியம் ஆக்சைடைச் சேர்த்தால் கிடைப்பது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். இதைப் போலிக் கல் என்று தள்ளிவிட முடியாது. வேதியியல் அமைப்பிலும் கடினத்திலும் அது சுரங்கத்து மாணிக்கத்துக்கு இணையானது, பிறந்த இடம் மட்டுமே வேறு. அரசர்களும் ஆலயங்களும் மட்டுமே வைத்திருக்க முடிந்த அளவிலான சிவப்புக் கல் இடைநிலை வருவாய்க்காரருக்கும் எட்டும் பொருளாக மாறிய பிறகே விரலை மறைக்கும் மோதிரம் ஒரு பொது நாகரிகமாகப் பரவ முடிந்தது. மதுக்கோப்பை அந்த நாகரிகத்துக்குப் பெயரைத் தந்தது. பொருளைத் தந்தது உலை.

அதன் பிற்கால வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். இரண்டாம் உலகப் போரின்போது பிளாட்டினம் போர்த் தேவைக்கு ஒதுக்கப்பட்டதால், அமெரிக்க நகைத் தொழில் தங்கத்துக்கும், செவ்வந்திக்கல், மஞ்சள் படிகக்கல் போன்ற விலை குறைந்த பெருங்கற்களுக்கும் திரும்பியது. மோதிரம் முன்னிலும் பருத்தது. 1947-இல் டி பியர்ஸ் வைர நிறுவனத்துக்காக எழுதப்பட்ட புகழ்பெற்ற விளம்பர வாசகம் ஒற்றை வைரம் பதித்த நிச்சய மோதிரத்தை முதன்மையாக்கியது. 1960-களின் பிற்பகுதியில் இளையோரின் எளிய உடைப்பாங்கு விருந்து மோதிரத்தைப் பெட்டிக்குள் தள்ளியது. 1980-களின் பகட்டு அதை மீண்டும் வெளியே எடுத்தது. 2003-இல் அதே டி பியர்ஸ், இடக்கை இணைக்கும் உறவுக்கு, வலக்கை தனக்கு என்ற கருத்தை முன்வைத்து வலக்கை மோதிரத்துக்கென ஒரு விளம்பர இயக்கத்தையே நடத்தியது. இங்கிலாந்தின் டயானா 1981-இல் நிச்சய மோதிரமாகத் தேர்ந்தெடுத்ததும், 2010 முதல் அவர் மருமகள் கேத்தரின் அணிவதுமான மோதிரம், 12 கேரட் இலங்கை நீலக்கல்லைச் சுற்றி 14 வைரங்கள் பதித்தது. கடமையால் நிச்சய மோதிரமாயினும் உருவத்தால் அது விருந்து மோதிரமே. இலங்கையின் இரத்தினபுரிக் கற்களின் பெயர் உலக நகைச் சந்தையில் ஓங்கி நிற்பதற்கு அந்த ஒரு மோதிரம் செய்த உதவி சிறிதன்று.

மதுவிலக்குதான் இம்மோதிரத்தைப் பெற்றது என்றால், தமிழ்நாட்டிலும் அது பிறந்திருக்க வேண்டும். இராஜாஜியின் அமைச்சரவை 1937 அக்டோபர் 1-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-க்குள் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. 1971-இல் தளர்த்தப்பட்டு, 1974-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டு, பின்னர் மறுபடியும் தளர்ந்து, 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றும் வரை நீண்டது. இந்நெடிய காலத்தில் மதுவோடு தொடர்புடைய எந்த நகையும் இங்கே தோன்றவில்லை. தமிழ்நாட்டில் மறைவான குடி ஆண்களின் தனி விவகாரமாகவே இருந்தது என்பதும், ஆணும் பெண்ணும் கூடி ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் மாலைப்பொழுது அதனால் உருவாகவில்லை என்பதும் வெளிப்படை. நகையைப் பிறப்பிப்பது தடைச் சட்டம் அன்று, பார்க்கவும் பார்க்கப்படவும் வாய்க்கும் கூட்டமே என்பதற்கு அமெரிக்க அனுபவத்தை விடச் சென்னை மாகாணத்தின் அனுபவமே தெளிவான சான்று.

அத்தகைய கூட்டம் தமிழ் இலக்கியத்தில் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில், இந்திர விழாவின் முடிவில் கோவலனோடு கடற்கரைக்குச் செல்ல மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் பகுதி தலை முதல் கால் வரையிலான அணிகளின் நீண்ட பட்டியலாக விரிகிறது. அதில் விரலணிகள் மட்டுமே பல: வாளை மீனின் பிளந்த வாய் போன்ற வடிவுடைய மோதிரம், செந்நிறம் ஒளிரும் மணி பதித்த மோதிரம், வயிரம் சூழ மரகதம் இழைத்த விரலணி எனத் தொடரும் அவற்றை அவள் தன் மெல்விரல்கள் மறையும்படி அணிந்தாள் என்று இளங்கோவடிகள் குறிக்கிறார். விழாக்காலம், பலர் கூடும் கடற்கரை, கலையால் ஈட்டும் பெண், விரலை மறைக்கும் கல் ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்த இக்காட்சியில், நியூயார்க்கின் விருந்து மோதிரத்துக்கு வேண்டிய கூறுகளில் கோப்பை ஒன்றுதான் குறைவு. கண்ணகிக்கு இத்தகைய மோதிரப் பட்டியல் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது. அவளுடைய நகை சிலம்பு, அதுவும் விற்று முதலாக்குவதற்குரிய செல்வமாகவே கதைக்குள் இயங்குகிறது. அணியாக வாழும் நகை, முதலாக வாழும் நகை என்ற பிளவு அக்காப்பியத்திலேயே வேரூன்றியிருக்கிறது எனலாம்.

தொல்பொருள், கல்வெட்டுச் சான்றுகள் இரண்டாவது வகையை மேலும் தெளிவாக்குகின்றன. கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையில் கிடைத்த மோதிரங்களில் பெயர் பொறித்தவை உண்டு, ஆணும் பெண்ணும் இணைந்து நிற்கும் உருவம் கொண்ட பொன் மோதிரமும் உண்டு. முன்னது கடமைக்கு, பின்னது கண்ணுக்கு. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களில் வெட்டப்பட்ட கொடைப் பட்டியல்கள், முதலாம் இராஜராஜனும் அவன் குடும்பத்தாரும் இறைவனுக்கு அளித்த அணிகலன்களை, நவரத்தின மோதிரம் உட்பட, ஒவ்வொன்றாகக் கூறுகின்றன. அப்பட்டியல்களின் சிறப்பு அழகு வருணனையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. எத்தனை வயிரம், எத்தனை முத்து, அவற்றில் குற்றமுள்ளவை எவை, கல்லுக்கு அடியில் நிரப்பிய அரக்கும் சேர்ந்து எடை எவ்வளவு, விலை எத்தனை காசு என்பதெல்லாம் பிரித்து எழுதப்பட்டுள்ளன. பொன்னின் எடையோடு கல்லும் அரக்கும் கலந்துவிடும் என்ற எச்சரிக்கை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆவண மரபாக இருந்திருக்கிறது.

பிற்காலத் தமிழ்நாட்டில் பெரிய கல் மோதிரம் பெரும்பாலும் ஆண் விரலுக்கு இடம் மாறியது. மேலை நாட்டு வரலாற்றிலிருந்து இது முக்கியமான விலகல். பெண்ணின் கல் நகை காதிலும் மூக்கிலும் கழுத்திலும் அமைந்தது. வைரத்தோடும் மூக்குத்தியும் குடும்பத்தின் தகுதியைச் சொல்ல, விரலுக்கு நெளி மோதிரமும் வங்கியும் போன்ற கல் குறைந்த வடிவங்களே போதுமாயின. மாறாக மிராசுதார், வட்டிக்கடைக்காரர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் விரல்களில் பருத்த கற்கள் ஏறின. திரைப்படங்களில் வில்லனை அடையாளம் காட்ட நான்கு விரலிலும் மோதிரம் மாட்டிவிட்டால் போதும் என்ற நிலை வந்தது. அதற்கு மேல் இராசிக்கல் என்னும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. கோள்களின் கெடுபலன் நீங்கப் பிறந்த இராசிக்கு உரிய கல்லை உடலில் படும்படி அணிவதே இராசிக்கல் மோதிரம். கல்லின் பின்புறம் தோலைத் தொட வேண்டும் என்பதால் அடித்திறப்பு வைத்துக் கட்டப்படும் இதை அலங்காரம் என்று அணிபவர் ஒப்புவதில்லை. பகட்டுக்குப் பரிகாரம் என்ற போர்வை கிடைத்துவிட்ட பின், தமிழ் ஆணின் பெரிய மோதிரம் நாகரிக மாற்றங்களுக்கு அஞ்சவேண்டியதில்லாமற் போயிற்று.

பெரும்பான்மைத் தமிழ்க் குடும்பங்களில் மோதிரம் என்பது முதலில் தங்கத்தின் அளவு. பெயர் சூட்டு விழாவிலும் காதுகுத்திலும் கால் பவுன், திருமணத்தில் மாப்பிள்ளைக்கு அரைப் பவுனோ ஒரு பவுனோ என மோதிரம் எடையாலேயே பேசப்படுகிறது. தலைவரின் பிறந்த நாளில் அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தைகளுக்குக் கட்சிக்காரர்கள் மோதிரம் போடுவதும் இக்கணக்கில் சேரும். இந்தச் சமூகத்தில் பொன்னின் மாற்று, அதாவது அதன் தூய்மை, பக்திக் கதைக்குள்ளும் நுழைந்திருக்கிறது. விருத்தாசலத்தின் பழைய பெயரான திருமுதுகுன்றத்தில் சுந்தரர் சிவபெருமானிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது பெரியபுராணம் சொல்லும் வரலாறு. ஆற்றில் இடும் முன் அவர் அந்தப் பொன்னில் ஒரு துண்டை மச்சமாக, அதாவது மாதிரியாக, வெட்டி வைத்துக்கொண்டார் என்பதும், குளத்தில் கிடைத்ததை அதனோடு ஒப்பிட்டபோது மாற்று குறைந்திருக்கக் கண்டார் என்பதும் அக்கதையின் கூர்மையான பகுதி. திருவாரூரில் அந்தப் பொன்னை உரைத்துப் பார்த்ததாக மாற்றுரைத்த விநாயகர் இன்றும் வணங்கப்படுகிறார். இறைவன் கொடுத்த பொன்னுக்கே மாதிரி வைத்து ஒப்பிடும் மரபினர், நகைக்கடையில் கல் மோதிரத்தைச் சந்தேகத்தோடு திருப்பிப் பார்ப்பதில் வியப்பில்லை.

அந்தச் சந்தேகத்துக்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. தங்கத்தின் தூய்மையைக் குறிக்கும் கேரட் 24 பங்கில் இத்தனை பங்கு தங்கம் என்ற கணக்கு. மணியின் எடையைக் குறிக்கும் கேரட் 0.2 கிராம். ஒரே சொல் இரண்டு அளவைகளுக்கு வழங்குவதால் வாங்குபவர் குழம்புவதுண்டு. தமிழ்நாட்டில் நகை என்றாலே 22 கேரட், அதாவது நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம், அது மென்மையானது. பெருங்கல்லைச் சுற்றிலும் பற்றி நிற்கும் நுண்ணிய கம்பிக் கவ்விகள் 22 கேரட்டில் எளிதில் வளைந்துவிடும் என்பதால், திறந்த அமைப்பில் கட்டும் கல் மோதிரத்துக்கு 18 அல்லது 14 கேரட் தங்கமே ஏற்றது. ஆனால் 18 கேரட் என்றதும் மாற்றுக் குறைந்தது என்று ஒதுக்கும் மனப்பாங்கு இன்னும் வலுவாக உள்ளது. 1963-இல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் புதிய நகைகளை 14 கேரட்டுக்கு மேல் செய்யக் கூடாது என்று தடுத்தபோது மக்கள் அதை ஏற்கவில்லை என்பதும், வேலையிழந்த பத்தர்களின் துயரம் அக்காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது என்பதும் நினைவுகூரத்தக்கவை. 2025-இல் 9 கேரட் தங்கமும் ஹால்மார்க் முத்திரைக்குள் கொண்டுவரப்பட்டிருக்கிறது. அந்தச் சட்ட ஏற்பு தமிழ்நாட்டில் மன ஏற்பாகவும் மாறுமா என்பது ஐயத்துக்குரியது.

கல் எடை இன்னொரு தடை. மொத்தம் 10 கிராம் எடையுள்ள மோதிரத்தில் 15 கேரட் கல் இருந்தால் அதில் 3 கிராம் கல். திருப்பி விற்கும்போதும் அடகு வைக்கும்போதும் அந்த 3 கிராம் கழிக்கப்படும், கல்லுக்கு விலை பெரும்பாலும் கிடைக்காது. ஒரு பவுன், அதாவது 8 கிராம் ஆபரணத் தங்கம், 2005 அளவில் ஏறத்தாழ 5 ஆயிரம் ரூபாயாக இருந்தது. 2025 அக்டோபரில் சென்னையில் அது 90 ஆயிரத்தைக் கடந்தது. பவுன் 5 ஆயிரமாக இருந்தபோது கல்லுக்காகச் சிறிது இழப்பதை ஆசைக்குக் கொடுத்த விலையாகக் கொள்ளலாம்; 90 ஆயிரத்தில் அதே இழப்பு குடும்பச் சேமிப்பில் விழும் ஓட்டை. ஆகவே தங்கத்தில் செய்த பெரிய கல் மோதிரம் தமிழ்நாட்டின் நடுத்தர வகுப்பில் வழக்கில் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஓசூரில் தொழிற்சாலை தொடங்கிய தனிஷ்க் முதலான நிறுவனங்களின் பட்டியல்களில் காக்டெய்ல் மோதிரம் தனிப் பிரிவாக இடம்பெறுவது உண்மையாயினும், அது நகரத்து உயர் வருவாய்க்காரரின் வழக்கம்.

பொருளாதாரம் தவிர ஒரு சிறு காரணமும் உண்டு. நகை பற்றிய நூல்கள் அதைச் சொல்வதில்லை. விருந்து மோதிரத்துக்குரிய வலக்கைதான் தமிழர் சோறு பிசையும் கை. உயர்ந்து நிற்கும் கவ்விகளுக்கிடையே சாம்பாரும் நெய்யும் புகுந்தால் கல்லின் ஒளி மங்கும். கரண்டியாலும் முட்கரண்டியாலும் உண்ணும் சமூகத்தில் பிறந்த வடிவம், வாழை இலைப் பந்தியில் கழற்றி மடியில் முடிய வேண்டிய பொருளாகிவிடுகிறது. தென்னாட்டுப் பத்தர்கள் கல்லின் அடியையும் பக்கத்தையும் தங்கத் தகட்டால் அடைத்துக் கட்டும் குளோஸ்டு செட்டிங் முறையைப் பெரிதும் கையாண்டதற்கு இந்தப் புழக்கமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

எனினும் பெரிய மோதிரம் தமிழ்நாட்டில் செழித்து வாழும் இடம் ஒன்று உண்டு; அது திருமணத்துக்கு முந்தைய மாலை வரவேற்பு. தாலி கட்டும் முகூர்த்தம் தங்கத்துக்குரியது. பட்டுப்புடவையும் பாரம்பரிய நகையும் அங்கே மாறுவதில்லை. வரவேற்பு மேடையோ ஒளிப்படத்துக்கும் காணொளிக்கும் உரியது. கனத்த லெஹங்காவுக்கோ வேலைப்பாடுள்ள புடவைக்கோ இசையும் நிறத்தில், கைகூப்பும்போதும் பரிசு வாங்கும்போதும் கேமராவில் தெரியும் அளவில், மணமகள் ஒரு பெரிய மோதிரம் அணிகிறாள். அதைத் தங்கத்தில் செய்ய யாரும் நினைப்பதில்லை. கவரிங் கடையில் வாங்கலாம், ஒப்பனைக் கலைஞரிடம் வாடகைக்கு எடுக்கலாம். சோழர் காலக் கோயில் நகை வடிவங்களின் தொடர்ச்சி எனப் போற்றப்படுவதும் புவிசார் குறியீடு பெற்றதுமான நாகர்கோவில் வடசேரியின் கெம்புக்கல் நகைகள் பரதநாட்டிய மேடையிலிருந்து இறங்கி வரவேற்பு மேடைக்கு வந்ததும் இவ்வழியில்தான்.

கவரிங் என்பது செம்பு அல்லது பித்தளை நகையின் மேல் மெல்லிய தங்கப் பூச்சு ஏற்றும் தொழில்; விருத்தாசலம் அடங்கிய அதே கடலூர் மாவட்டத்தின் சிதம்பரம் இத்தொழிலுக்குத் தமிழ்நாடு முழுவதும் பெயர் பெற்றது. அதில் பதியும் கற்களுக்குத் திருச்சிராப்பள்ளியும் சுற்றுவட்டாரக் கிராமங்களும் நெடுங்காலம் ஊற்றாக இருந்தன. அங்கே வீடுதோறும் சாணையில் செயற்கைக் கற்களுக்குப் பட்டை தீட்டும் வேலை நடந்தது. அதில் பெண்களின் உழைப்பு பெரும் பங்கு. சீனாவின் வூசோ நகரத்து ஆலைகள் எந்திரத்தால் ஒரே அளவில், மிகக் குறைந்த விலையில் கற்களைத் தீட்டி அனுப்பத் தொடங்கியபின் அத்தொழில் நலிந்தது. மோதிரம் வழக்கில் இருக்கிறது, அதன் கல்லைத் தீட்டிய கைகள் வேலையிழந்தன. நாகரிகம் நிலைப்பதும் தொழில் நிலைப்பதும் ஒன்றல்ல என்பதை இதை விட வெளிப்படையாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

இவ்விடத்தில்தான் விருத்தாசலம் இந்த ஆய்வுக்குள் வருகிறது. பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப்படிப்பு நடத்தும் அரசு நிறுவனமும் அமைந்த இந்நகரம் மின்காப்புப் பொருள்கள், பொம்மைகள், சிறு பாண்டங்கள் முதலியவற்றுக்குப் பெயர் பெற்றது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டும் நிலத்தில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. நகைக்கும் இத்தொழிலுக்கும் தொடர்பில்லை என்று தோன்றுவது மேற்பார்வைக்கு மட்டுமே. வெண்களிமண் அலுமினாவும் சிலிக்காவும் நீரும் சேர்ந்த கனிமம். அதில் உள்ள அதே அலுமினா தனித்துப் படிகமானால் மாணிக்கமும் நீலமும் ஆகிறது. பீங்கானின் மேல் கண்ணாடி போல் உருகிப் படியும் மெருகுப் பூச்சுக்கு நிறம் தருபவை கோபால்ட், செம்பு, இரும்பு, குரோமியம் ஆகியவற்றின் ஆக்சைடுகள். செயற்கைக் கல்லுக்கு நிறமூட்டும் பட்டியலிலும் இவை உண்டு.

இவற்றோடு சிர்க்கோனியத்தின் கதையும் தனித்துச் சொல்லத்தக்கது. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியில் இந்திய அருமணல் நிறுவனம் கடற்கரை மணலிலிருந்து பிரித்தெடுக்கும் கனிமங்களில் சிர்க்கான் ஒன்று. நுண்மாவாக அரைத்த சிர்க்கான், கழிவறைப் பொருள்கள், ஓடுகள் ஆகியவற்றின் மெருகுப் பூச்சில் கலக்கப்பட்டு, அடியிலுள்ள மண்ணின் நிறம் தெரியாத வெண்மையைத் தருகிறது. அதே சிர்க்கானிலிருந்து பெறப்படும் சிர்க்கோனியா என்ற ஆக்சைடை, சிறிது இட்ரியம் ஆக்சைடு சேர்த்து 2,700 டிகிரிக்கு மேல் உருக்கிப் படிகமாக்கினால் கிடைப்பது கியூபிக் சிர்க்கோனியா. 1970-களில் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் நிறுவனத்தில் வளர்த்தெடுக்கப்பட்ட இந்தக் கல்தான் தமிழ்நாட்டுக் கடைகளில் அமெரிக்கன் டைமண்ட் என்ற பெயரில் விற்கிறது. கடினத்தில் வைரம் 10 என்றால் இது 8-க்குச் சற்று மேல். எடையிலோ அதே அளவு வைரத்தை விட ஒன்றரை மடங்குக்கும் மேல் கனம். வரவேற்பு மேடையில் மின்னும் மோதிரக் கல்லும் குளியலறை வெண்தொட்டியின் மெருகும் ஒரே மணலின் இரு பிள்ளைகள் என்று சொன்னால் மணமகள் வீட்டார் முகம் சுளிக்கக்கூடும். வேதியியல் அப்படித்தான் சொல்கிறது.

பீங்கான் சூளையின் வெப்பம் 1,200 முதல் 1,400 டிகிரி அளவில் நிற்பதால், விருத்தாசலத்தின் சூளைகளில் கியூபிக் சிர்க்கோனியா வளர்க்க முடியாது. அந்த ஆசை வீண். மோதிர வளையத்தையே பீங்கானில் செய்வதும் அறிவுடைய வழியன்று. பீங்கான் அமுக்கு விசையை நன்கு தாங்கும், இழுவிசையில் எளிதில் விரியும். மெல்லிய வளையம் கதவில் இடித்தாலே உடையும். மேலும் சுடும்போது களிமண் பத்தில் ஒரு பங்கு அளவுக்கும் அதற்கு மேலும் சுருங்குவதால் விரல் அளவை நுட்பமாகக் காப்பது கடினம். மேலை நாடுகளில் விற்கும் கரும்பீங்கான் மோதிரங்கள் பல உயர் வெப்பத்தில் இறுக்கிய சிர்க்கோனியாவால் ஆனவை, கடினமானவை. ஆயினும் அவற்றையும் பின்னர் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ இயலாது. ஆனால் பெரிய மோதிரத்தின் உயிர் வளையத்தில் இல்லை, முகப்பில் இருக்கிறது. வெள்ளியிலோ பித்தளையிலோ வளையமும் கிண்ணமும் செய்து, அதில் மெருகேற்றிய பீங்கான் வில்லையைப் பதித்தால் மேற்கூறிய குறைகளில் பெரும்பாலானவை நீங்கிவிடும். கல்லுக்கு வாய்க்காத ஓவியமும் பல நிறக் கலப்பும் பீங்கானுக்கு வாய்க்கும். எடையும் குறைவு, சோற்றுக் கையோடு கழுவினாலும் கெடாது.

தமிழ்நாட்டில் கடந்த பதினைந்து ஆண்டுகளில் சுடுமண் நகை பெண்களின் சிறுதொழிலாகப் பரவியிருக்கிறது. வீட்டிலிருந்தே செய்து விற்கும் பலர் அதன் காதணிகளுக்கும் பதக்கங்களுக்கும் சந்தையை உருவாக்கிவிட்டனர். குறைந்த வெப்பத்தில் சுட்டு வண்ணம் தீட்டும் அந்த நகையை விட, உயர் வெப்பத்தில் சுட்டு மெருகேற்றிய பீங்கான் உறுதியானது, நிறம் உதிராதது. சூளையும் மண்ணும் பயிற்சி நிறுவனமும் விருத்தாசலத்தில், பூச்சுத் தொழில் சிதம்பரத்தில், தீட்டும் தேர்ச்சி திருச்சியில், வாங்கும் கூட்டம் ஒவ்வொரு திருமண மண்டபத்திலும் என எல்லாம் அண்மையில் இருந்தும் இவற்றை இணைக்கும் வடிவமைப்பு முயற்சி தொழில் அளவில் எழவில்லை. மின் உருகிக்கட்டை செய்யும் தொழிலுக்கு அழகு வடிவம் தேவைப்படவில்லை என்பது உண்மைதான். ஆனால் பொம்மை செய்யும் ஊர் மோதிர முகப்பு செய்யாதிருப்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் தென்படவில்லை.

மோதிரத்தின் வருங்காலத்தை மாற்றக்கூடிய இன்னொரு உலைப்பொருள் ஆய்வக வைரம். உயர் அழுத்தத்திலோ வாயுப் படிவு முறையிலோ வளர்க்கப்படும் இது கியூபிக் சிர்க்கோனியா போன்ற ஒப்புமைக் கல் அன்று; கரிமத்தாலான வைரமே. 2023 ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் இதற்கான ஆராய்ச்சிக்கு நிதி அறிவிக்கப்பட்டு, ஐந்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 243 கோடி ரூபாய் சென்னை ஐஐடிக்கு ஒதுக்கப்பட்டது. அதன் விலை உலகச் சந்தையில் தொடர்ந்து சரிந்து வருவதால், 1902-க்குப் பின் மாணிக்கத்துக்கு நேர்ந்தது இப்போது வைரத்துக்கு நேர்கிறது எனலாம்: பெரிய கல் எட்டும் விலைக்கு வருகிறது, அதே நேரத்தில் முதலீடு என்ற தகுதியை இழக்கிறது. தங்கத்தைச் சேமிப்பாகவும் கல்லைச் செலவாகவும் காணும் தமிழ்க் குடும்பத்துக்கு இது புதிய அதிர்ச்சி ஆகாது. அக்குடும்பம் கல்லை என்றும் செலவுக் கணக்கில்தான் எழுதி வந்திருக்கிறது.

ஆகவே காக்டெய்ல் மோதிரம் வழக்கொழியவில்லை. தங்க நகையாக அது நடுத்தரத் தமிழரிடம் வேர் பிடிக்கவே இல்லை, உலையில் பிறந்த கல்லும் பூச்சும் சேர்ந்த ஒரு மாலைப்பொழுது அணியாக நன்கு வழக்கில் இருக்கிறது. அதைத் தங்கத்தில்தான் வேண்டும் என்று கருதுவோர், 2023 ஏப்ரல் முதல் கட்டாயமான ஆறு இலக்க ஹால்மார்க் அடையாள எண் மோதிரத்தில் உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும் குந்தன், ஜடாவ் வகைக் கல் நகைகளுக்கும் இக்கட்டாயத்திலிருந்து விலக்கு இருப்பதையும் அறிந்திருக்க வேண்டும். தங்கத்தின் நிகர எடை, கல்லின் எடை, கல்லின் விலை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதிய ரசீதைக் கேட்டு வாங்குவது வாங்குபவரின் உரிமை.